காலுறை வேண்டாம்

கிழவரின் கை நடுங்கியது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், விளக்கணைத்த அறையில் உட்கார்ந்து தவோரின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரியும். அங்கிருந்து பார்த்தால் இங்கே தெரியாது.

"மனசுல தோணுறதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கய்யா. எதையும் மறைக்க வேண்டாம்," என்றாள் அவர் எதிரே உட்கார்ந்திருந்த நேஷா.

"என்னத்தைச் சொல்ல? நான் ஒரு தப்பும் பண்ணலையேம்மா."

அவர் செய்யவேண்டியதெல்லாம் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்குவதுதான். மரிபோர் நகரில் இருந்துகொண்டு மலையேறும் பூட்ஸுகளை இணையத்தில் விற்கும் கடை அது. கடையின் மேலாளர் தவோரின்; அதன் இணையப் பக்கங்களை வடிவமைப்பவள் நேஷா. புதுப் பக்கம் எதுவானாலும், வெளியிடுமுன் அதைப் பார்த்தேயிராத ஒருவரைக் கூப்பிட்டு வாங்கிக் காட்டச் சொல்வார்கள். அவர் எவ்வளவு தடுமாறினாலும் உதவக் கூடாது என்பது விதி.

இன்றைய பக்கம் தவோரினின் சொந்த மூளையில் உதித்தது. பணம் கட்டும் இடத்தில் பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் பூட்ஸோடு மாதம் ஒரு ஜோடி காலுறையும் அதற்கான பில்லும் வரும்; நிறுத்தச் சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும். பூட்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு, அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரு வரி.

இது வியாபாரம் இல்லை, பிடுங்கல் என்று நேஷா ஒரு வாரமாகச் சண்டை போட்டாள். இந்தப் பக்கம் வெளிவந்தால் அன்றே வேலையை விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தாள். அது வெறும் மிரட்டல் இல்லை என்று தவோரினுக்குத் தெரியும். அவளை இழக்க அவனுக்கு மனமில்லை. பச்சைப் பொத்தானை இழக்கவும் மனமில்லை.

"உன் கண்ணுக்குத்தான் தப்பாத் தெரியுது. வாங்குற ஆள் ஒருத்தர் என் முன்னாடி தவிக்கட்டும், எடுத்துடறேன்," என்று கடைசியில் இறங்கிவந்தான். ஆளை நேஷாவே தேடிப் பிடித்தாள். சிரில் என்று பெயர், ஓய்வுபெற்றவர், கம்ப்யூட்டர் என்றாலே பயமாம்.

பயம் நிஜமாகத்தான் இருந்தது. மௌஸை இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்தித் தேய்த்தார். எப்படியோ பூட்ஸ் வரைக்கும் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினார். காலுறை வந்து சேர்ந்துகொண்டது. பின்னால் போய் மறுபடி வந்தார், மறுபடியும் காலுறை. தவோரின் தன்னையறியாமல் கண்ணாடியில் விரலை வைத்து, "கீழே பாருய்யா, கீழே," என்று முணுமுணுத்தான்.

இடைவேளை விட்டார்கள். வராந்தாவில் புதிதாக வைத்த காப்பி இயந்திரத்தோடு தவோரின் மல்லுக்கட்டினான். செல்போனைக் காட்டினால்தான் கொடுக்கும் அந்தச் சனியன் அன்றும் அவனுக்கு மசியவில்லை. வெறுங்கையோடு இருட்டறைக்குத் திரும்பியபோது, கண்ணாடிக்கு அப்பால் சிரில் தானே பிடித்துவந்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றில் அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எனக்குக் காலுறை வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரி பின்னிவெச்சதே பெட்டி நிறையக் கெடக்கு. அவ போனப்புறம் வேற எதையும் நான் போட்டதில்லை. இவங்க ஏன் வேண்டாம்னு சொல்லவே விடமாட்டேங்குறாங்க?"

தவோரின் நாற்காலியில் சாய்ந்தான். போன குளிர்காலத்தில் அம்மா இறந்தபின் அவள் வீட்டைக் காலி செய்தது நினைவுக்கு வந்தது. கட்டிலடியில் பிரிக்காத பொட்டலங்கள். எல்லாம் எந்தக் கடையிலிருந்தோ மாதாமாதம் வந்த முகக் களிம்பு. அம்மா முகத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் பட்டதில்லை. நிறுத்தத் தெரியாமல் வாங்கி வாங்கி உள்ளே தள்ளியிருக்கிறாள், பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு.

சோதனை முடிந்ததும் நேஷாவைக் கூப்பிட்டுப் பொத்தானை எடுத்துவிடச் சொன்னான். ஆனால் அவன் சொன்னால் மட்டும் போதாது. மறுநாள் வியன்னாவிலிருந்து முதலாளிகள் வருகிறார்கள்; பச்சைப் பொத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்தே சப்புக்கொட்டிக்கொண்டிருப்பவர்கள்.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. அந்த ஐயாவையே நாளைக்கும் கூட்டிட்டு வா. அவங்களும் கண்ணால பாக்கட்டும்."

நேஷா சரியென்று கிழவரை வழியனுப்பப் போனாள். அவர் தொப்பியை நாற்காலியிலேயே விட்டுப்போனதைத் தவோரின்தான் பார்த்தான். எடுத்துக்கொண்டு பின்னாலேயே படியிறங்கினான்.

பாதிப் படியில் அவர் குரல் கேட்டு நின்றான். அதில் நடுக்கமே இல்லை. மேடை கண்ட குரல், கணீரென்று ஏறிவந்தது.

"வயசுல இருந்தப்பவே நாடகத்துல எனக்குக் கிழவன் வேஷம்தான் குடுப்பாங்க. இப்பத்தான் மேக்கப் இல்லாம போடறேன். காலுறை வசனம் எப்படி? வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா அடிக்கவே வருவா. ஊசி பிடிக்கத் தெரியாது அவளுக்கு, நான் சாகடிச்சு வேற வெச்சுட்டேன். சரி, நாளைக்கும் இதே போதுமா நேஷா, இல்ல கொஞ்சம் அழணுமா?"

பதில் சொல்ல வாயெடுத்த நேஷா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. கிழவரும் திரும்பிப் பார்த்தார். கையை நடுங்கவைக்க ஆரம்பித்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

தவோரின் மெதுவாக இறங்கிவந்து தொப்பியை அவர் கையில் கொடுத்தான்.

"நல்லாவே அழுங்கய்யா. நாளைக்கு வர்றவங்க லேசுல இளக மாட்டாங்க."