கிளட்ச் எதும்மா?

பச்சை விழுந்தும் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக் கார் நகரவில்லை.

கே.கே. நகர் ஆர்ச் சிக்னலில் ஆபீஸ் நேரத்தில் ஒரு வண்டி நகராவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஹாரன். அப்புறம் வசவு. அதற்கும் அசையவில்லை என்றால் மதுரைக்காரன் தன் வண்டியை விட்டு இறங்கிவிடுவான். சண்டைக்குப் போகிறானா, தள்ளிவிடப் போகிறானா என்பது கிட்டத்தில் போன பிறகுதான் அவனுக்கே தெரியும்.

ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கிப் போனார். காரில் கண்ணாடியெல்லாம் இறக்கியிருந்தது. உள்ளே நரைத்த தாடியோடு ஒரு பெரியவர், தனியாக.

"வண்டி நின்னுபோச்சு தம்பி" என்றார்.

அவ்வளவுதான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நாலைந்து பேர் கை வைத்து, காரை மெல்ல உருட்டி ஓரத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நானும் என் ஸ்கூட்டரை அங்கேயே ஓரங்கட்டினேன். எனக்கு எதிலும் மூக்கை நுழைக்கிற புத்தி.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி என்றார் ஒருவர். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் இன்னொருவர். பெரியவர் ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் பதில் சொன்னார். ஆட்டோக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டு, பரவை என்று தெரிந்ததும் அங்கே மார்க்கெட்டில் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தார். நடுரோட்டில் வண்டி நின்றுபோனவருக்கு வரவேண்டிய படபடப்பு அந்த முகத்தில் இல்லை. கல்யாண வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறவர் மாதிரி இருந்தார்.

நான் ஜன்னல் வழியாக டேஷ்போர்டை எட்டிப் பார்த்தேன். A என்ற எழுத்து பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக் காரிலும் இந்தக் கூத்து உண்டு. சிக்னலில் நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்தால் போதும், பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று இன்ஜின் தானாக அணைந்துவிடும். கிளட்ச்சை மிதித்தால் தானாகக் கிளம்பிவிடும்.

"ஐயா, வண்டிக்கு ஒண்ணுமில்ல. அதுவா ஆஃப் ஆகியிருக்கு. கிளட்ச்சை மிதிங்க, ஸ்டார்ட் ஆயிரும்."

பெரியவர் முகம் வாடிப்போனது. "இம்புட்டுத்தானா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிளட்ச் எதும்மா?" என்று கேட்டார்.

ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவரே, உங்களுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்படிச் சிரித்தபோதுதான் அந்த முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டிக்கு ஒன்றுமில்லை என்றால் கூட்டத்துக்கு அங்கே என்ன வேலை? ஆட்டோ போனது. பைக்குகள் போயின. மரத்தடியில் அவரும் நானும் மட்டும் நின்றோம்.

"நீயும் கிளம்பணுமாம்மா?"

"வேலைக்கு நேரமாச்சுங்கய்யா."

"போம்மா, போம்மா. எனக்கென்ன, தேடுறதுக்கு வீட்ல யாரு இருக்கா? நேத்திலருந்து நான் வாயைத் தெறந்ததே இப்பத்தான்." நான் திரும்பியதும், "இன்னொருக்கா சொல்லிட்டுப் போறியா? சட்டுனு மறந்துபோகுது" என்றார்.

வேலை கிடக்கட்டும் என்று ஜன்னலோரம் நின்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். இடது காலுக்குக் கிளட்ச். நடுவில் பிரேக். வலது ஓரம் ஆக்சிலேட்டர். கிளட்ச்சை மிதிக்கும்போது முழுசாக மிதிக்க வேண்டும், விடும்போதுதான் பதமாக விட வேண்டும். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நடுநடுவே சந்தேகம் கேட்டார். ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன்.

கடைசியில் மிதித்தார். இன்ஜின் உறுமியது.

"நல்லாப் புரியும்படியா சொல்றம்மா. உனக்கு யாரு ஓட்டக் கத்துக் குடுத்தது?"

கீழக்குயில்குடி போகிற ரோட்டில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் கிளட்ச்சைப் படக்கென்று விட்டு வண்டியை நிறுத்தும்போதெல்லாம் திட்டாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தவர் முத்திருளன் சார். இந்தப் பக்கம் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் அவருடைய டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள். அப்போது அவருக்கு இந்தத் தாடி கிடையாது. மனைவியும் உயிரோடு இருந்தார்.

பெயரைச் சொன்னால் மனுஷர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றி மேலே ஹெல்மெட் போட்டிருந்தேன். கழற்றவில்லை. அழுகை வந்தது, அதுவும் துப்பட்டாவுக்குள்ளேயே போயிற்று.

"எங்க வீட்டுக்காரருங்கய்யா" என்றேன்.

"கெட்டிக்காரருதான்" என்று சொல்லிவிட்டு முத்திருளன் சார் கியரைப் போட்டார். ஒரு குலுக்கல் இல்லாமல் கார் கிளம்பிப் போனது.