அப்பக்கடை முற்றுகை

“பல்லு கிடக்கட்டும் டொக்டர். முதல்ல இதை வாசிச்சுச் சொல்லுங்கோ.”

பல் பிடுங்கும் கதிரையில் சாய்ந்தபடி இராசதுரை ஒரு தடித்த புத்தகத்தை நீட்டினார். அட்டையில் வாளும் குதிரையும். உள்ளே முழுக்கச் சீன எழுத்து.

“அரிசிக் கப்பல்ல வந்த மாலுமியிட்ட வாங்கினனான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின போர்த் தந்திரமாம். திருகோணமலையில உங்களை விட்டா இதை வாசிக்க ஆர் இருக்கினம்?”

சீனப் பல் டொக்டர் லீ கண்ணாடியைத் துடைத்தார். “ஆரோட யுத்தம்?”

“பக்கத்துக் கடை அன்னலட்சுமியோட. என்ர கடையில வாடகைக்கு இருந்துகொண்டு, எழும்படி எண்டா எழும்புறாள் இல்லை. வழக்குப் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். நாளைக்குக் கிணத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிக்கப் போறன். தண்ணி இல்லாம எப்பிடி அப்பம் சுடுறாள், பாப்பம்.”

அந்த அப்பக்கடை போனால் அன்னலட்சுமியும் பிள்ளைகளும் தெருவில்தான். அது டொக்டருக்கும் தெரியும், இராசதுரைக்கும் தெரியும்.

டொக்டர் ஒரு பக்கத்தைப் புரட்டி நெடுநேரம் பார்த்தார்.

“எதிரியின்ர தண்ணியை மறிக்கிற அரசன் தாகத்தில சாவான்.”

“கிணத்தைப் பற்றியுமே எழுதியிருக்கு?”

“சீனாவிலயும் கிணறு இருக்குத்தானே.”

இராசதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப எப்பிடித்தான் துரத்துறது?”

டொக்டர் இன்னொரு பக்கத்துக்குப் போனார். “துரத்தின எதிரி பின்னால வந்து குத்துவான். கண்ணுக்கு முன்னால வைச்சிருக்கிற எதிரியால ஆபத்தில்லை.”

“அதுவும் சரிதான். பிறகு?”

“எதிரியின்ர கோட்டைக் கூரை ஒழுகினா மேய்ஞ்சு குடு. ஆள் குழம்பிப் போவான்.”

“கூரையோ!” இராசதுரை வீங்கிய கன்னத்தைத் தடவினார். “செலவாகுமே.”

“யுத்தமெண்டாச் செலவுதான்.”

அடுத்த கிழமை அப்பக்கடைக் கூரைக்குப் புதுக் கிடுகு ஏறியது. கிணற்றுப் பக்கம் யாரும் கம்பியோடு வரவில்லை. “சீனப் புத்தகம் சொன்னபடியே ஆள் குழம்பிப் போனாள், பாத்தீங்களே!” என்று இராசதுரை கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் குழம்பித்தான் போயிருந்தாள். சூடான பாலப்பத்தோடு டொக்டரிடம் வந்தாள்.

“மறைக்காமச் சொல்லுங்கோ டொக்டர். அந்தப் புத்தகத்தில உண்மையா என்னதான் எழுதியிருக்கு?”

“ஆருக்குத் தெரியும் பிள்ளை?” அப்பத்தைப் பிய்த்தபடி டொக்டர் சொன்னார். “நான் பிறந்து வளர்ந்தது இந்தா, பக்கத்தில உப்புவெளியில. படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம். சீனத்தில ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரியாது.”