வேலியைப் பார்த்த கல்

"ஏன் ஹோல்கர், இது வீடா, இடுகாடா?"

எதிர்வீட்டு வெர்னர் கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். காபி போட்டுக்கொண்டிருந்த ஹோல்கரின் மனைவி போடில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். போன வாரம் அவளும் கணவனிடம் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டிருந்தாள்.

கேட்டதில் தப்பில்லை. ரோஜா இருந்த முன்தோட்டம் முழுக்க இப்போது கல்லறைக் கற்கள்.

டென்மார்க்கில் கல்லறை குத்தகைதான். கெடு முடிந்து குடும்பத்தார் புதுப்பிக்காவிட்டால், கல்லைப் பெயர்த்து ஜல்லி உடைக்க அனுப்பிவிடுவார்கள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஹோல்கர், தேவாலய அலுவலகத்தில் அனுமதி வாங்கி அந்தக் கற்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். கழுவி, படமெடுத்து, இணையத்தில் போடுவார். முன்னோரைத் தேடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். முகம் தெரியாத அவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளைத் துழாவிப் பதில் போடுவார். பொழுது அதிலேயே போய்விடும்.

"வீட்டை விக்கப் பாக்கறேன்யா. வாங்க வர்றவன் இதைப் பாத்துட்டு காரை விட்டே இறங்க மாட்டேங்கறான்" என்றார் வெர்னர்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. அர்ஜென்டினாவிலேருந்து இனேஸ்னு ஒரு பொண்ணு வருது. அதோட தாத்தாவுக்கு அக்கா ஒருத்தி. அவளோட கல் இங்கதான் இருக்கு."

"ஒரு கல்லைப் பாக்க அங்கேருந்தா?"

"தாத்தா எந்த ஊர்லேருந்து கப்பல் ஏறினார்னே அவங்களுக்குத் தெரியாது. குளிர்காலம் பூரா தேடித்தான் கண்டுபிடிச்சேன். அக்கா கல்யாணமே பண்ணிக்கலை. குத்தகையைப் புதுப்பிக்க யாருமில்லை."

"இது ஒண்ணு சரி. மத்ததெல்லாம்? பெத்த பிள்ளைங்களே வேண்டாம்னு விட்ட கல்லுக்கு நீ என்ன காவலா? என்ன பிள்ளைங்கய்யா அதுங்க! எங்கப்பா இந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். பனிக்காலம் வந்தா அவர் கல்லறைக்குத் தேவதாருக் கிளை போர்த்தாம நான் ஒரு வருஷம் இருந்ததில்லை, தெரியுமா?"

ஹோல்கர் குனிந்து ஒரு கல்லின் பாசியைச் சுரண்டினார்.

வெர்னருக்கு ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. பக்கவாட்டு வேலியோரம் ஒரு கல் மட்டும் வேலியைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றது. நாடாவைக் கட்ட அதன்மேல் காலைத் தூக்கினார்.

"அதுல காலை வைக்காதே!"

ஹோல்கர் கத்தி போடில் கேட்டதே இல்லை. வெர்னர் திடுக்கிட்டுக் காலை இறக்கினார்.

"ஏன், உங்க ஆளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன வந்தது? இதோ பார், இன்னிக்கு ராத்திரி தெருக்காரங்க கூட்டம் இருக்கு. விஷயத்தை எழுப்பினேன்னா நாளைக்கே லாரி வந்து நிக்கும். எல்லாம் ஜல்லிதான்."

"வேண்டாம் வெர்னர். இருட்டறதுக்குள்ள எல்லாத்தையும் பின்பக்கம் கொண்டுபோயிடறேன். தெருவிலேருந்து ஒண்ணுகூடத் தெரியாது."

"உன் முதுகு, உன் பாடு" என்று வெர்னர் போய்விட்டார்.

போடில் காபியோடு வந்தாள். "அவன் அவ்வளவு பேசறான். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா உன் வாய்லேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

"கல் உடையாம இருந்தா சரி. ஒரு கை பிடி."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள். தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாகப் போயிற்று. இனேஸ் தேடி வரும் கல்லை ஆப்பிள் மரத்தடியில், வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினார்கள்.

கடைசியாக வேலியோரக் கல்.

"இதோட படத்தை நீ இணையத்துல போட்டு நான் பாக்கவே இல்லையே?"

"போடலை."

"ஏன்?"

அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போடில் வேலிக்கும் கல்லுக்கும் நடுவில் நுழைந்து, குனிந்து, முகப்பைத் துடைத்தாள். பெயருக்குக் கீழே, இந்தப் பக்கத்து வழக்கப்படி, தொழிலையும் செதுக்கியிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர்.

எதிர்வீட்டைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"இதைத் தெருப்பக்கம் திருப்பியிருந்தா, அவன் வாயையே திறந்திருக்க மாட்டானே!"

"மெதுவா சாய்ச்சுக் குடு, முகம் உள்பக்கமாவே இருக்கட்டும்" என்றார் ஹோல்கர். "அர்ஜென்டினாவிலேருந்துகூட ஒரு நாள்ல வந்துடறாங்க, போடில். எதிர்வீட்லேருந்து வரத்தான் நாளாகும்."