சோதனைப் பொத்தான்

காது கேளாத மரியசெல்வியின் அலுவலகக் கணினிக்கு வீடியோ அழைப்பு வந்தால், கோப்பு அலமாரிமேல் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். அதைப் பொருத்திய தினகரனிடமே சோதனைப் பொத்தானும் இருந்தது. தன் ஆபரேஷனுக்கு முன் கணவன் சைகையில் பேச அழைப்பான் என்று அவள் காத்திருந்த காலையில், தினகரன் அதை அமுக்கி அமுக்கி விளையாடினான். ஒவ்வொரு முறையும் அவள் ஓடிப்போய் வெறுந்திரையைப் பார்த்தாள்.

“எப்படித் துள்ளுறா பாருடா!” என்றான் பக்கத்து மேசைக் குமரவேல்.

கடைசியில் அவள் விளக்கின்மேல் வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்திவிட்டுக் கோப்புகளை அடுக்கத் தொடங்கினாள். துணிக்குள் மறுபடி சிவந்தது.

“போதும்டா, பாவம்.”

“நான் அமுக்கலடா.” தினகரனின் இரண்டு கைகளும் டீ கிளாஸைப் பிடித்திருந்தன.

“அப்ப போய்ச் சொல்லுடா!”

“சொன்னா நம்பவா போறா?”

டீ சுட்டது. அவன் ஊதி ஊதிக் குடித்தான். கைக்குட்டை விட்டு விட்டுச் சிவந்தது. பிறகு வெள்ளையாகவே இருந்தது.