முதுகு காட்டக் கூடாத நிலா

அமாவாசை இடத்தில் நின்றபடியே கவிப்ரியா ஸ்நேகாவுக்குப் பழிப்புக் காட்டினாள்.

காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முகமெல்லாம் இருட்டு. அமாவாசையன்று நிலா கண்ணில் படாததற்கு அதுதானே காரணம்.

சூரியன் என்பது அபினவ். தலையில் ஜிகினாக் கிரீடம், கையில் எரியும் விளக்கு, ஏறி நிற்க ஒரு பெஞ்சு. பூமி என்பது ஸ்நேகா. நீலத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றாள். நிலா, நம் கவிப்ரியா. மயூர் விஹார் பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பு அறையைத் திரை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வந்த அப்பா அம்மாக்கள் ஒரு பக்கத்துச் சுவரோரம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

இந்த நிலாவுக்கும் பூமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் சின்னதுதான். ஆனால் ஏழாம் வகுப்பில் எது சின்னது? கவிப்ரியாவை வீட்டில் பவுனு என்று கூப்பிடுவார்கள். விளையாட வந்த ஸ்நேகா அதைக் கேட்டாள். கேட்டவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் டிபன் நேரத்தில் வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டாள். அன்றிலிருந்து பையன்கள் கவிப்ரியாவைக் கண்டாலே 'பவுனு பவுனு பாவ் பாஜி' என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். கோபம் வராதா பின்னே?

சுண்டுவிரலை நீட்டிக் 'கட்டி' சொல்லிவிட்டாள் கவிப்ரியா. தமிழ்நாட்டில் இருந்திருந்தால் 'காய்' என்றிருப்பாள். தில்லிப் பிள்ளைக்குக் கட்டிதான் வாயில் வரும். சேர்ந்துகொள்வதற்கு இரண்டு விரலை ஒட்டி நீட்டுவது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஸ்நேகாவின் மூஞ்சியில் விழிக்கக் கூடாது என்று ஒத்திகையில் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தாள். ருக்மிணி மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஒரே சுவரைப் பார்த்தபடி சுற்றினால் நிலா தன்னைத்தானே சுழலவில்லை என்று அர்த்தம், பூமிக்கு அதன் முகமும் தெரியும், முதுகும் தெரியும் என்றார். நிஜ நிலா பூமியை ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் தானும் ஒரு தடவை சுழன்றுவிடுகிறது. அதனால்தான் எப்போதும் ஒரே முகம். பூமியில் நின்று பார்க்கிறவர் யாருக்கும் அதன் முதுகு தெரியாது.

வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெயகிருஷ்ணன் சார்தான் நடுவர். முதுகைக் காட்டினால் பரிசு போச்சு என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அறிவியலே ஸ்நேகா கட்சியில் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது? சரி, மூஞ்சியைப் பார்த்துத் தொலைக்கலாம். கோபத்தை விடச் சொல்லி எந்தப் பாடத்திலும் இல்லையே. கவிப்ரியா கைகளைப் பின்னால் கட்டி, சுண்டுவிரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு கிளம்பினாள். பூமிக்குத் தெரியாத பக்கம் அது.

வளர்பிறை வந்தது. பாதி முகத்தில் வெளிச்சம் விழுந்தது. ஸ்நேகாவின் கண்ணைத் தவிர்த்து அவள் கம்மலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முதுகுப் பக்கம் நின்ற பெரியவர்கள் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அவளுக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றும் இருந்தது. சூரியன் வேஷம் முதலில் ஸ்நேகாவுக்குத்தான் கிடைத்தது. கிரீடம், நீளமான வசனம், எல்லாம். மேடை என்றால் உயிரை விடுகிறவள், அதைத் தானாகவே அபினவிடம் தள்ளிவிட்டுப் பூமியாகிவிட்டாள். பூமிக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தால் போதும். என்னைத் தன்னைச் சுற்ற வைத்து வேடிக்கை பார்க்கணும், அவ்வளவு திமிர் என்று கவிப்ரியா முடிவு கட்டியிருந்தாள்.

பௌர்ணமி இடம் வந்தது. அபினவின் விளக்கு ஸ்நேகாவின் தலைக்கு மேலாக வந்து கவிப்ரியாவின் முகத்தில் முழுசாக விழுந்தது. இங்கே எதையும் ஒளிக்க முடியாது. பார்வை கம்மலிலிருந்து வழுக்கிக் கண்ணுக்குப் போய்விட்டது. ஸ்நேகா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பியதிலிருந்தே அப்படித்தான் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

கவிப்ரியாவுக்கு வாய் நிற்கவில்லை.

"கிரீடமெல்லாம் குடுத்தாங்கல்ல, அத விட்டுட்டு எதுக்குடி பூமியா வந்த?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"சூரியனா நின்னா நீ என்னப் பாக்கவே மாட்டியே," என்றாள் ஸ்நேகா. "நிலா பூமியப் பாத்துதான ஆகணும்."

கவிப்ரியா நடக்க மறந்து நின்றாள். தேய்பிறைக்குப் போ, போ என்று ருக்மிணி மிஸ் ஓரத்திலிருந்து ஜாடை காட்டினார்.

நிலா நகரவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பிப் பூமிக்கு முதுகைக் காட்டியது.

கூட்டத்தில் யாரோ 'அரே' என்றார்கள். ஜெயகிருஷ்ணன் சார் உச்சுக் கொட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். பரிசு போயே போச்சு. ஸ்நேகாவுக்கு உதடு பிதுங்கியது. இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்தாள்.

குனிந்த இடத்தில்தான் அந்தக் கைகள் இருந்தன. முழு வெளிச்சம் அவற்றின்மேல் விழுந்திருந்தது.

சுண்டுவிரல் மடங்கியிருந்தது. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு நீண்டிருந்தன.

பூமி கையை நீட்டித் தொட்டது.