முதல் இலை

நிச்சயதார்த்த விருந்தில் பரிமாறும் ரோபோவுக்கு நிரல் எழுதியவள் மணப்பெண்ணின் அக்கா செண்பகவல்லி. இலை இலையாகச் சுற்றிவரும் லூப் எழுதுவதெல்லாம் கற்கால வேலை என்று நினைப்பவள். ரெடிமேட் அல்காரிதம் ஒன்றைப் போட்டாள். கூரையிலிருந்து ரோபோவின் கைகள் இறங்கின. எல்லா இலைகளும் ஒரே நொடியில் நிறைந்தன.

முதல் இலையில் இருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார்.

“வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா? மாட்டுக்குத் தீவனம் வச்ச மாதிரில்லா வைக்கி! இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது.”

அவரைக் கெஞ்சி உட்காரவைத்துவிட்டு, செண்பகவல்லி அவசரமாக லூப் எழுதினாள். ஒவ்வொரு இலையிலும் நின்று கேள். ‘போதும்’ என்றால் அடுத்த இலைக்குப் போ. எழுதிய பிறகுதான் உறைத்தது: போதும் என்றவுடன் விட்டுவிட்டால் அதுவும் மரியாதைக் குறைவு. கடைசி வரியை அழித்துத் திருத்தினாள்: ‘போதும்’ என்றால் இன்னொரு கரண்டி ஊற்று.

பாயசம் வந்தது. மாமாவுக்குப் பரம திருப்தி. “போதும்” என்றார். ஒரு கரண்டி விழுந்தது. “போதும்ங்கேன்லா!” இன்னொரு கரண்டி. இலையை இரு கைகளாலும் மூடினார், கைமேல் விழுந்தது. அடுத்த இலைகளில் மணமக்கள் பாயசத்துக்குக் காத்திருந்தார்கள்.

“எம்மா, இத நிப்பாட்டு தாயி!”

“எந்திரிச்சிராதிய மாமா,” என்றாள் செண்பகவல்லி. “பெறவு சரியா கவனிக்கலன்னு ஆயிரும்.”