முதல்லேர்ந்து எண்ணு

"ஆறுக்கு அப்புறம் நாலு வருமா? முதல்லேர்ந்து எண்ணு."

பாலகிருஷ்ணன் கத்தியது அறைக்குள் இருந்த மகள் சிவானிக்குக் கேட்டது. அவளுடைய கம்ப்யூட்டர் மீட்டிங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு அவள் வந்து நாலு நாள் ஆகிறது. அவள் வீட்டில் பெயிண்ட் வேலை. ஒரு வாரம் அப்பா அம்மாவோடு இருக்கலாமென்று வந்தாள். தினமும் காலையில் இந்தக் கச்சேரிதான்.

மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டு மேசை நாற்காலி சுவரோரம் கிடந்தது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். முழங்கால் வலிக்குப் பாலிகிளினிக்கில் சொல்லிக்கொடுத்தது. நாற்காலியிலிருந்து பத்து தடவை எழ வேண்டும். நின்றபடி சுவரைப் பத்து தடவை தள்ள வேண்டும். பிறகு பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி இழுக்க வேண்டும். குதிப்பது, ஓடுவது எதுவும் கிடையாது. கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாது. சத்தமெல்லாம் அப்பா வாயில்தான்.

எதிரே அம்மா மங்களம், நோட்டும் பேனாவுமாக. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். நர்ஸைக் கூப்பிடுவதுபோல, அப்பாவுக்கு இன்னமும் அவள் 'மிஸ்ஸி'தான்.

"எழும்போது மூச்சை விடுங்க. அடக்காதீங்க. ம்... அஞ்சு. ஆறு. ஏழு." அம்மா நோட்டைப் பார்த்தாள். "மூணு."

"நைட் டூட்டியில மாத்திரையும் இப்படித்தான் எண்ணினியா? முதல்லேர்ந்து."

"அப்பா, அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. நீங்களே எண்ணிக்கக் கூடாதா?"

"எழுந்திரிக்கிறதா, எண்ணுறதா? நீ போய் மீட்டிங்கைப் பாரு."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "பேஷண்ட்டுன்னா கத்தத்தான் செய்வாங்க லா. நான் பாக்காததா?"

பத்து முடிவதற்குள் அன்றைக்கு அப்பா முப்பத்தொன்பது தடவை எழுந்தார். சிவானி எண்ணினாள்.

மறுநாள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். "இதைக் கட்டிக்கிட்டா தானா எண்ணும்பா. அம்மா கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். "எனக்கு மிஸ்ஸி இருக்கா."

"மிஸ்ஸியா, வேலைக்காரியா?"

அப்பா ரப்பர் பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை சிவானி அம்மாவுக்குப் பூ வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பும்போது எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் அப்பா. இரண்டு கையிலும் மார்க்கெட் பை. எஸ்கலேட்டரில் கூட்டம். அவர் நிற்கவில்லை. படியில் விறுவிறுவென்று இறங்கினார். நொண்டல் இல்லை. கைப்பிடியைத் தொடவும் இல்லை.

கூப்பிடாமல் பின்னாலேயே வந்தாள். பக்கத்துப் பெட்டியில் ஏறி, ஈசூனில் இறங்கி, வீட்டு புளோக் வரைக்கும் வந்துவிட்டாள். லிஃப்ட்டுக்காக நின்ற அப்பா, வலது காலை லேசாக இழுத்து வைத்து ஒரு தடவை ஒத்திகை பார்த்தார்.

"கால் எப்போ சரியாச்சு?"

திரும்பினார். திடுக்கிடவில்லை.

"தீபாவளிக்கு முன்னாடியே. இனிமே வர வேண்டாம்னு பாலிகிளினிக்ல சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இந்த நடிப்பு? அம்மாவை எதிர்ல உக்கார வச்சுத் திட்டணும். அதுக்கு ஒரு கால் வலி. அப்படித்தானே?"

லிஃப்ட் வந்தது. அவர் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"பொங்கலுக்கு அப்புறம் அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஞாபகம் போயிட்டிருக்குன்னாரு."

சிவானி பூப்பையை மாற்றிப் பிடித்தாள்.

"கேட்டுட்டு வந்தவ மூணு நாள் கட்டிலை விட்டு எழுந்திரிக்கல. நாலாம் நாள் டாக்டர் சொன்னதையே மறந்துட்டா. நான் மறுபடி சொல்லல. ஆனா கட்டிலை விட்டு மட்டும் வர மாட்டேன்னா. எனக்குக் கால் மறுபடி வலிக்குதுன்னேன். உடனே எழுந்து வந்து நோட்டை எடுத்தா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ அழுவ. அவ பாத்துடுவா."

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"அதுக்கு ஏன் கத்தணும்? மெதுவா சொல்லக் கூடாதா?"

"நாப்பது வருஷமா கத்துறவன். திடீர்னு நயமா பேசினா, தனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அவ கண்டுபிடிச்சிட மாட்டாளா?"

ஒரு பையை அவள் கையில் திணித்தார்.

"கண்ணைத் தொடை. மீன் கெட்டுடும்."

மறுநாள் காலை சுவரோரம் இரண்டு நாற்காலி கிடந்தது.

"அம்மா, எனக்கும் இடுப்பு வலி. எப்பவும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கேன்ல. நீயே பாத்து ஏதாவது சொல்லேன்."

மங்களம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பேனாவைத் திறந்துவிட்டு மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க பேர் சொல்லுங்கம்மா."

சிவானி அப்பாவைப் பார்த்தாள்.

"புது பேஷண்ட்டுன்னா பேர் கேக்கத்தான் செய்வாங்க. மிஸ்ஸி கேக்குறாங்கல்ல, சொல்லு" என்று கத்தினார் பாலகிருஷ்ணன்.